ஓடியவனுக்குச் சிறை, பிடித்தவனுக்குப் பிணை



ஆள்கடத்தலுக்குத் தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நாம் கைதட்டிவிடுகிறோம். அதற்கு முன் நம் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று சட்டப் புத்தகத்தைக் கொஞ்சம் பின்னோக்கிப் புரட்டுவோம்.

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 370ஆம் பிரிவில், மனிதரை அடிமையாக வாங்கி விற்றால் ஏழாண்டு வரை சிறை என்றது. அதற்கு ஓராண்டு முன்பே, 1859இல், 13ஆம் சட்டம் வந்துவிட்டது. முன்பணம் வாங்கியவர் வேலைக்கு வராவிட்டால், பணத்தைக் கட்டு, இல்லையென்றால் வேலையை முடி என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். ஆளை வாங்குவது குற்றம். வாங்கப்பட்ட ஆள் ஓடுவதும் குற்றம்! இந்தச் சட்டத்தை நீக்க 1925 வரை ஆயிற்று.

சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த காலமும் அதுதான். அங்கே 'துண்டு' என்று ஒரு சீட்டு. அதில் கடன் தொகை எழுதியிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்கிற துரை ஆளை எடுத்துக்கொள்வார். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. ஆனால் குமாரபாளையம் விசைத்தறிக் கூடத்தில் 'பாக்கி' என்று கேட்டுப் பாருங்கள். பழைய முதலாளியின் பாக்கியைப் புதிய முதலாளி அடைத்தால்தான் தறி மாற முடியும். தறிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் பாக்கியைக் கூட்டிக் கேட்கும் சாமர்த்தியம் தொழிலாளிக்கும் உண்டு, மறுக்கவில்லை. பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட அருந்ததியர் பிள்ளைகளுக்கு அந்தச் சாமர்த்தியத்துக்கும் இடமில்லை.

1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனையே ரத்து செய்தது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர் தலையில் வைத்தது. பெரிய காரியம். தண்டனை மூன்றாண்டு வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். ஆனால் பிணையில் விடக்கூடிய குற்றம்.

2013இல் 370ஆம் பிரிவைத் திருத்தி, ஆள்கடத்தலுக்குக் குறைந்தது ஏழாண்டு என்றும், குழந்தையானால் பத்தாண்டு முதல் ஆயுள் வரை என்றும் ஆக்கினார்கள். அந்த ஆண்டின் அவசரச் சட்டத்தில் 'கட்டாய உழைப்பு' என்ற சொல் இருந்தது. நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. நம் மக்களை நேரடியாகத் தொடும் சொல் அது ஒன்றுதான். புதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவிலும் அது திரும்பி வரவில்லை. சட்டவிரோதக் கட்டாய உழைப்புக்கு 146ஆம் பிரிவில் இன்றும் ஓராண்டு வரைதான்.

இன்னொன்று. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுத் திட்டம் ஒன்று முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை மறுவாழ்வுத் தொகை அறிவித்தது. அதைக் குற்றவாளி தண்டனை பெறுவதோடு முடிச்சுப் போட்டது. வழக்கு இழுத்தால் தொகையும் இழுக்கும்.

செங்கல் சூளையிலிருந்து வெளியேறிய ஒரு குடும்பத்தோடு நாங்கள் ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் மாலை வரை உட்கார்ந்திருந்தோம். முதலாளிக்கு எத்தனை வருஷம் என்று அந்த அம்மா கேட்கவேயில்லை. "விடுதலைச் சான்று இன்னைக்கே குடுத்துருவாங்களா? ராத்திரிக்குப் புள்ளைங்களோட எங்க போறது?" என்றுதான் கேட்டார்.

1976 சட்டத்தின் 13ஆம் பிரிவு மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அந்த மாவட்டத்திலேயே வசிக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர் இருக்க வேண்டும் என்கிறது. சேலத்தில் அந்த மூவர் யார், நாமக்கல்லில் யார், குழு கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, இங்கே வந்திருக்கும் மாணவர்கள் இந்த வாரமே மனு எழுதலாம். எழுத நாங்கள் கூட இருக்கிறோம்.