ஆலங்குளம்
ஆலங்குளம் என்னும் ஊர்ப்பெயரில் ‘ஆல்’, ‘குளம்’ ஆகிய சொற்களை ‘அம்’ என்னும் சாரியை, அதாவது சொற்களுக்கிடையே வரும் இணைப்பு உறுப்பு, சேர்க்க, மகரம் ககரத்தின் முன் ஙகரமாகத் திரிந்துள்ளது. ஆல் என்பது ஆலமரம். குளமோ இங்கு நீராடும் பொய்கையன்று, மழைநீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சும் ஏரியாகும். அத்தகைய நீர்நிலையை மதுரை, இராமநாதபுரம் வட்டாரத்தார் கண்மாய் என்றும், திருநெல்வேலிச் சீமையார் குளம் என்றும் வழங்குவர். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை இவ்வூரைச் சூழ்ந்த சாத்தூர், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகள் திருநெல்வேலியைச் சேர்ந்திருந்தமையோடு இத்தெற்கு வழக்கு நன்கு பொருந்துகிறது. தென்காசிக்கு அருகிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. நீரால் பெயர்பெற்ற சாத்தூர்ப் பக்கத்து ஆலங்குளத்தை வெளியூரார் இன்று அறிவதோ, மானாவாரிக் கரிசல் நிலத்தின் சுண்ணாம்புக்கல்லை நம்பி எழுந்த அரசு சிமெண்ட் ஆலையால்தான்.