நியாசாலாந்தும் 1914-ஆம் ஆண்டும்

உலக முடிவுக்கு நாள் குறிப்பவர்கள் திருச்சபையின் வரலாற்றில் எக்காலத்திலும் இருந்து வந்திருக்கின்றனர். தெசலோனிக்க நகரக் கிறிஸ்தவர்கள் ஆண்டவரின் நாள் வந்துவிட்டதென்று கலங்கி, தங்கள் அன்றாட வேலைகளையும் விட்டுவிட்டபோது, புனித பவுல் அவர்களுக்குத் தம் இரண்டாம் திருமுகத்தை எழுத நேர்ந்தது. நாள் குறித்தவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அவர்களிடம் பாடம் கேட்டுத் தம் மக்களுக்குப் போதிக்கச் சென்ற எளிய போதகர்களைப் பற்றியும், அப்போதனையைக் கேட்ட மக்களைப் பற்றியும் நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. இன்று மலாவி என்று வழங்கும் நாட்டில், அது நியாசாலாந்து என்னும் பெயருடன் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த காலத்தில் நிகழ்ந்ததை இங்கு நோக்குவோம்.

நாள் குறித்தவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த சார்லஸ் டேஸ் ரஸ்ஸல் என்பவர். 1879-ஆம் ஆண்டில் 'காவற்கோபுரம்' என்னும் பெயரில் ஓர் இதழைத் தொடங்கியவர் அவர். தானியேல் நூலின் நான்காம் அதிகாரத்தில் நெபுகத்னேசர் மன்னன் அறிவிழந்து திரிந்ததாகக் கூறப்படும் ஏழு காலங்களையும், லூக்கா நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் வரும் பிற இனத்தாரின் காலத்தையும் அவர் ஒன்றாக இணைத்தார். ஒரு காலத்திற்கு 360 நாள்; ஏழு காலங்களுக்கு 2,520 நாள்; நாள் ஒன்றுக்கு ஓர் ஆண்டாக 2,520 ஆண்டுகள். எருசலேமின் அரசு கி.மு. 606-இல் வீழ்ந்தது என்று வைத்துக்கொண்டு எண்ணி, 1914-ஆம் ஆண்டு அக்டோபரில் உலக அரசுகளின் காலம் முடியும் என்றார். கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் இடையே சுழியம் என்றோர் ஆண்டு இல்லை என்பதை இக்கணக்கு மறந்துவிட்டது. ஆகவே அவருடைய வழிவந்தோர் பின்னாளில் தொடக்கத்தை 607-க்கு மாற்ற வேண்டியதாயிற்று. வரலாற்று ஆசிரியர்களோ எருசலேமின் அழிவை கி.மு. 587 அல்லது 586 என்றே கொள்கின்றனர்.

இக்கணக்கை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றவர் ஜோசப் பூத். இங்கிலாந்தின் டெர்பி நகரில் 1851-இல் பிறந்தவர். 1892-இல் தம் சிறு மகளுடன் நியாசாலாந்துக்கு வந்து சேர்ந்தார். அவரை வெறும் குழப்பக்காரர் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. ஆப்பிரிக்கா ஆப்பிரிக்கருக்கே உரியது என்பதையே தலைப்பாகக் கொண்டு 1897-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார். வெள்ளையர் அக்காலத்தில் எண்ணிப் பார்க்கவும் அஞ்சிய கருத்து அது. அதே ஆண்டில் ஜான் சிலெம்ப்வே என்ற ஆப்பிரிக்க இளைஞரை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்று, உயர்கல்வி பெற வழி செய்தார். ஆனால் பூத் ஓரிடத்தில் நிலைத்து நின்றவர் அல்லர். பாப்டிஸ்டு சபை, ஏழாம் நாள் பாப்டிஸ்டு சபை, ஏழாம் நாள் வருகைச் சபை எனப் பல சபைகளின் சார்பில் பணியாற்றிய பின், ரஸ்ஸலைச் சந்தித்து அவருடைய போதனையை ஏற்றார். நியாசாலாந்து அரசு அவரை மீண்டும் உள்ளே விட மறுத்ததால், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் தங்கி, தம்மை நாடி வந்த ஆப்பிரிக்கர்களுக்குப் போதித்தார். நாட்டுக்குள் இருந்தோருக்கு நூல்களையும் கடிதங்களையும் அனுப்பி வந்தார்.

அவ்வாறு நாடி வந்தவர்களுள் ஒருவர் எலியட் கம்வானா. ஏரிக்கரையில் வாழும் தோங்கா இனத்தவர். ஸ்காட்லாந்து மறைப்பணியாளர்கள் நடத்திய லிவிங்ஸ்டோனியா பள்ளிகளில் கல்வி கற்றவர். அப்பள்ளிகளில் கட்டணம் வாங்கத் தொடங்கியபோது மனக்கசப்புற்று வெளியேறினார். கேப் டவுனில் பூத்திடம் சிலகாலம் பாடம் கேட்டு, 1908-ஆம் ஆண்டில் தம் சொந்த மக்களிடம் திரும்பினார்.

கம்வானா தம் மக்களிடம் என்ன சொன்னார்? 1914-ஆம் ஆண்டு அக்டோபரில் கிறிஸ்து வருவார். அப்போது ஆங்கிலேயர் நாட்டை விட்டுப் போவர். குடிசை வரி இராது. நாம் நம்மையே ஆள்வோம். இச்செய்தியைக் கேட்ட மக்கள் ஏரிக்கரை ஊர்களில் திரள் திரளாகக் கூடினர். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 10,000 பேர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றனர். ஸ்காட்லாந்துச் சபையிலோ திருமுழுக்குக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தேர்வுகள் உண்டு, கட்டணங்கள் உண்டு. கம்வானா யாரையும் காக்க வைக்கவில்லை.

இங்கு நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பூத்திடம் கம்வானா கேட்ட பாடமும் கம்வானாவிடம் மக்கள் கேட்ட பாடமும் ஒரே பாடம்தானா? உலக அரசுகளின் காலம் முடியும் என்பது பிட்ஸ்பர்க்கில் ஒரு வேத ஆராய்ச்சியின் முடிவு. அங்கு அதைப் படித்தவர் நூலை மூடி வைத்துவிட்டுத் தம் கடைக்கோ அலுவலகத்துக்கோ செல்லலாம். நியாசாலாந்தில் அரசு என்றால் வரி கேட்டு வரும் ஆள். ஒவ்வொரு குடிசைக்கும் வரி கட்ட வேண்டும். ஐரோப்பியரிடம் ஒரு மாதம் வேலை செய்தவனுக்கு வரி குறைக்கப்பட்டது. ஆகவே அது வரியாக மட்டும் இராமல், மக்களை வெள்ளையரின் தோட்டங்களுக்குத் துரத்தும் கருவியாகவும் இருந்தது. ஷிரே மேட்டுநிலத் தோட்டங்களில் குடியிருந்தவர்கள் 'தங்காட்டா' என்னும் முறைப்படி நில வாடகைக்கு ஈடாக உழைத்துக் கொடுக்க வேண்டும். இத்தகைய மக்களின் காதில் அரசுகள் முடியும் என்ற சொல் ஆராய்ச்சியாக விழவில்லை, விடுதலையாகவே விழுந்தது. கம்வானா தம் ஆசிரியரின் போதனையைத் திரித்தார் என்பதைவிட, அதற்குத் தம் ஊரில் என்ன பொருளோ அதையே சொன்னார் என்பதே பொருத்தம்.

அரசு அஞ்சியது. 1909-ஆம் ஆண்டில் கம்வானா கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். தம் மண்ணில் வாழ அவருக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 1937-ஆம் ஆண்டில்தான். இடையே கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள்.

அவர் குறித்த அக்டோபர் வந்தது. அதற்கு முன்பே, ஆகஸ்டில், ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. நாடுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதைக் கண்ட பலர் கணக்கு சரியே என்று எண்ணினர். ஆனால் ஆங்கிலேயர் போகவில்லை, வரியும் நீங்கவில்லை. மாறாக, ஜெர்மானியரின் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிரான போரில் சுமை தூக்குவதற்கு ஆப்பிரிக்க ஆடவர் பெருந்தொகையாகக் கொண்டு செல்லப்பட்டனர். 1915-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் ஜான் சிலெம்ப்வே கிளர்ந்தெழுந்தார். அவர் கம்வானாவின் கூட்டத்தவர் அல்லர், பாப்டிஸ்டு போதகர். தோட்டக் கொடுமைகளும், அயலார் போரில் தம் மக்கள் மடிவதும் அவரை அந்நிலைக்குத் தள்ளின. எனினும் 1914-ஐ எதிர்நோக்கிக் காத்திருந்த மனநிலை அக்கிளர்ச்சியைச் சூழ்ந்திருந்தது என்று வரலாற்று ஆசிரியர் பலர் கருதுவர். கிளர்ச்சியாளர் நம் மோன்ஃபோர்ட் சபைக் குருக்களின் இங்குளூடி மறைத்தளத்தையும் தாக்கினர்; அங்கிருந்த குரு ஒருவர் கடுமையாகக் காயமுற்றார். பிப்ரவரி 3-ஆம் நாள் சிலெம்ப்வே சுட்டுக் கொல்லப்பட்டார்.

போதனை அத்துடன் நின்றுவிடவில்லை; வாய்வழியாகப் பரவி எல்லைகளைத் தாண்டியது. அண்டை நாடான வடரொடீசியாவில் தோமோ நியிரெண்டா என்பவர் தம்மைக் கடவுளின் மகன் என்று அழைத்துக்கொண்டார். திருமுழுக்கின் நீரைக் கொண்டே சூனியக்காரரை அடையாளம் காண முடியும் என்று சொல்லி, 1925-இல் பலரை நீரில் அமிழ்த்திக் கொன்றார். மறு ஆண்டில் தூக்கிலிடப்பட்டார். ரஸ்ஸலும் பூத்தும் இதைப் போதிக்கவில்லை, கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். ஆயினும் போதித்தவர் தொலைவில் இருக்க, போதனை மட்டும் அச்சத்தோடும் ஏக்கத்தோடும் வாழும் மக்களிடையே தனியே உலவும்போது, அது எவர் கையில் எவ்வுருவம் எடுக்கும் என்பதை யாரும் கட்டுப்படுத்த இயலாது.

நம் திருச்சபை இவ்விடயத்தில் கொண்டுள்ள நிலை தெளிவானது. அந்த நாளையும் வேளையையும் தந்தையே அறிவார் என்பது மாற்கு நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே கூறியது. ஆயிரம் ஆண்டு ஆட்சியைத் தொடக்கத்தில் ஏற்றிருந்த புனித அகுஸ்தீன், 'கடவுளின் நகர்' என்னும் நூலில் அதைக் கைவிட்டதைப் பதிவு செய்துள்ளார். இறுதித் தீர்ப்புக்கு முன் கிறிஸ்து கண்காணும் வகையில் உலகில் வந்து ஆள்வார் என்னும் கருத்தைப் பாதுகாப்பாகப் போதிக்க இயலாது என்று 1944-ஆம் ஆண்டில் திருப்பீடம் அறிவித்தது. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடும் இதையே உறுதி செய்கிறது.

ஆனால் இவ்வளவும் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்ததா? நாள் குறிப்பது தவறு என்று சொல்வது எளிது. அந்நாளுக்காக ஏங்கிய 10,000 பேருக்கு நாம் என்ன சொல்வோம்? கம்வானாவின் மக்கள் ஏமாந்தவர்கள் என்று நகைப்பதற்கு முன், அவர்களுக்கு வேறு யார் விடுதலையைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்க வேண்டும். மறைத்தளங்களில் எழுத்தும் செபமும் கற்பித்தார்கள். நோயாளருக்கு மருந்து கொடுத்தார்கள். குடிசை வரியைப் பற்றி மறையுரை ஆற்றியவர் மிகச் சிலரே. அந்த அமைதி ஏற்படுத்திய வெற்றிடத்தில்தான் 1914 என்னும் எண் வந்து அமர்ந்தது.

புதிய வானகம், புதிய வையகம் பற்றிய எதிர்பார்ப்பு இவ்வுலகைச் செப்பனிடும் அக்கறையைக் குறைக்கக் கூடாது, தூண்ட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. அப்போதனை உயிர்பெற்றதை மலாவியிலேயே காண்கிறோம். விடுதலைக்குப் பின் அந்நாட்டை ஆண்ட ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஒரு கட்சி ஆட்சியில் அச்சமே ஆட்சி செய்தது. ரஸ்ஸலின் வழிவந்த யெகோவாவின் சாட்சிகள் கட்சி அட்டை வாங்க மறுத்ததால் 1967-இல் தடை செய்யப்பட்டனர். அடியும் உதையும் பட்டு, 1972-இல் ஆயிரக்கணக்கானோர் அண்டை நாடுகளுக்கு ஓடினர். அவர்களுடைய போதனையை நாம் ஏற்பதில்லை. அவர்களுடைய துன்பத்தை மதிக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, மலாவியின் கத்தோலிக்க ஆயர்கள் எழுதிய சுற்றுமடல் கோவில்தோறும் வாசிக்கப்பட்டது. வறுமை, கல்வியின் சீரழிவு, நீதியின்மை, பேச்சுரிமை மறுப்பு ஆகியவற்றை ஆயர்கள் வெளிப்படையாகக் கண்டித்தனர். காவல்துறை அவர்களை விசாரித்தது. ஆனால் மக்கள் அஞ்சாமல் பேசத் தொடங்கிவிட்டனர். 1993 ஜூன் 14-ஆம் நாள் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஒரு கட்சி ஆட்சி தோற்றது. யெகோவாவின் சாட்சிகள் மீதான தடையும் அதே ஆண்டில் நீங்கியது.

ஆயர்களின் மடலில் உலக முடிவுக்கான கணக்கு ஏதும் இல்லை. கம்வானாவின் மக்கள் எதற்காகக் காத்திருந்தார்களோ, அதைப் பற்றிய பேச்சு அதில் இருந்தது.

உபதேசியார்களையும் மறைக்கல்வி ஆசிரியர்களையும் உருவாக்கும் பொறுப்பு நம்மிடம் உள்ளது. திருவெளிப்பாடு நூலை அவர்களுக்கு விளக்கும்போது, உரோமைப் பேரரசின் கொடுமைக்கு ஆளான கிறிஸ்தவர்களுக்கு ஆறுதலாக எழுதப்பட்ட நூல் அது என்பதை முதலில் சொல்லிக் கொடுப்போம். எண்களைப் பற்றி மக்கள் கேட்பார்கள். பொறுமையோடு பதில் சொல்வோம். அதோடு, அக்கேள்வியைக் கேட்பவரின் வீட்டில் என்ன நடக்கிறது, எந்தச் சுமை அவரை அழுத்துகிறது என்பதையும் விசாரித்து அறியும்படி நம் உபதேசியார்களைப் பழக்குவோம். உலகம் எப்போது முடியும் என்று கேட்பவர் பல வேளைகளில் தம் துன்பம் எப்போது முடியும் என்றே கேட்கிறார். அதற்கு நாம் தர வேண்டிய மறுமொழி மறையுரை மேடையோடு முடிந்துவிடுவதன்று.