திஜூகா: நட்ட காடும் ஆறு பெயர்களும்

வேலை விஷயமாக ரியோ டி ஜெனீரோவில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர் ஒருவர் திஜூகா தேசியப் பூங்காவுக்கு நடக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஊருக்கு நடுவிலேயே மலை, மலை முழுக்க மழைக்காடு, கீழே கடல். ஒற்றையடிப் பாதையில் கால் மணி நேரம் ஏறியிருப்போம், குப்பென்று பலாப்பழ வாசனை.

"ஜாகா" என்றார் நண்பர். மலையாளத்துச் 'சக்க'தான் போர்ச்சுகீசியர் வாயில் 'ஜாகா' ஆகியிருக்கிறது. மரமும் அவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுபோனதுதான். ஆதிகாலக் காட்டுக்குள் நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். கிடைத்தது இதுதான்.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சரிவுகளில் பெரும்பகுதி காப்பித் தோட்டம். காட்டை வெட்டி, எரித்து, நட்டார்கள். வேலை செய்தவர்கள் அடிமைகள். சில பத்தாண்டுகளில் மண் கரைந்து போனது, காப்பி உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளுக்கு நகர்ந்துவிட்டது. மொட்டை மலை மட்டும் மிச்சம்.

மரம் போனதைவிட நகரத்துக்கு உறைத்தது தண்ணீர் போனதுதான். ரியோ குடித்தது இந்த மலையில் பிறக்கும் கரியோகா போன்ற ஆறுகளின் தண்ணீர். ரியோக்காரர்களுக்கே 'கரியோகா' என்றுதான் பெயர். 1840-களின் வறட்சியில் ஊற்றுகள் வற்றியதும் அரசு விழித்துக்கொண்டது. 1850-களில் தோட்டங்களைக் கையகப்படுத்தத் தொடங்கினார்கள். 1861 டிசம்பரில், பேரரசர் இரண்டாம் பெத்ரோ காலத்தில், மலையில் திரும்ப மரம் நட உத்தரவு வந்தது. பொறுப்பு மேஜர் மனுவேல் கோமிஸ் ஆர்ச்சரிடம்.

ஆர்ச்சருக்கு முதலில் கிடைத்த ஆட்கள் ஆறு அடிமைகள். எலூத்தேரியோ, கோன்ஸ்தான்தீனோ, மனுவேல், மத்தேயுஸ், லியோபோல்டோ, மரியா. குடும்பப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, வயது கிடையாது. நமக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

1862-லிருந்து 1874 வரை நட்ட கன்றுகள் முக்கால் லட்சத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன. புரோகிராமர் புத்தி, நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு லட்சத்தை 13 வருஷத்தால் வகுத்தால், ஞாயிறு, மழை எதுவும் பார்க்காமல் நாளைக்கு 21 கன்று. கேட்க அதிகமாகத் தெரியாது. ஆனால் செங்குத்துச் சரிவில் கன்றைச் சுமந்து ஏறி, குழி தோண்டி, நட்டு, பட்டுப்போனதை மறுபடி நட்டு, இதையே 13 வருஷம் செய்ய வேண்டும். ஒரு தடவை மேலே ஏறி இறங்கியதற்கே எனக்கு இரண்டு நாள் முட்டி வலி.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். 'ஆறு பேர் ஒரு காட்டையே நட்டார்கள்' என்று இணையத்தில் சுற்றும் கதை முழுசும் சரியல்ல. பின்னால் கூலியாட்களும் சேர்ந்தார்கள். அதைவிட முக்கியம், இன்றைய பூங்கா கிட்டத்தட்ட 39 சதுர கிலோமீட்டர். அவர்கள் நட்டது அதில் ஒரு பகுதிதான். மீதியில் பெரும்பாலும், காப்பியை நிறுத்தியதும் காடு தானாகவே திரும்பி வந்தது. மரம் நட்ட எண்ணிக்கையை மட்டுமே பெருமையாகச் சொல்லும் இந்தக் காலத்தில் இது கவனிக்க வேண்டிய விஷயம். நடுவதற்குச் சமமான வேலை, வெட்டாமல் விடுவது.

சரி, பாதைகளுக்கு வருவோம். ஆர்ச்சருக்குப் பின் வந்த எஸ்க்ரன்யோல் பிரபு, கிளாசியூ என்ற பிரெஞ்சுத் தோட்டக் கலைஞரோடு சேர்ந்து காட்டை உலாவும் இடமாக மாற்றினார். பாதை, பாலம், குகை, காட்சி முனை எல்லாம் அப்போது வந்தவை. 1940-களில் காஸ்த்ரோ மாயா என்ற தொழிலதிபர் சீரமைத்தார். 1961-ல் தேசியப் பூங்கா ஆனது.

இப்போது வரைபடத்தில் பெயர்களைப் பாருங்கள். பேரரசர் உட்கார்ந்த இடம் 'பேரரசரின் மேசை'. அருவிக்குப் பிரெஞ்சு ஓவியர் தௌனே பெயர். 1,021 மீட்டர் உயரச் சிகரத்தின் உச்சிப் பாறையில் 117 படிகள். 1920-ல் பெல்ஜிய மன்னர் ஆல்பர்ட் வந்தபோது அவருக்காக வெட்டியவை. அந்தப் படிகளில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் நானும் ஏறினேன். மன்னர் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, வெட்டியவர் பெயரை நண்பரிடம் கேட்டேன். சிரித்தார்.

நம் கொடைக்கானல், ஊட்டிப் பாதைகளும் இப்படித்தான். துரை பெயர் இருக்கும், கல் சுமந்தவன் பெயர் இருக்காது. அந்த வகையில் திஜூகா கொஞ்சம் தேவலை, ஆறு பெயராவது மிஞ்சியிருக்கிறது.

பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888 மே 13. நடவு தொடங்கி 26 வருஷம் கழித்து. அந்த ஆறு பேரில் எத்தனை பேர் அந்த நாளைப் பார்த்தார்களோ.

அப்புறம் அந்தப் பலா. இன்று அது அங்கே அந்நிய ஊடுருவல் மரம். உள்ளூர் மரங்களை நெருக்குகிறது என்று பட்டையை வளையமாக உரித்து அழிக்கிறார்கள். நியாயம்தான். ஆனாலும் கீழே விழுந்து வெடித்துக் கிடந்த பழத்திலிருந்து ஒரு சுளை எடுத்து வாயில் போட்டபோது, பண்ருட்டி ஞாபகம் வந்ததை மறைக்க முடியவில்லை.