மடங்கி எழும் முழங்கால்: தோப்புக்கரணமும் பஸ்கியும் கடந்து வந்த வழி

முழங்காலை முழுவதுமாக மடக்கி, உடலைத் தரைக்கு அருகே இறக்கி, கையூன்றாமல் மீண்டும் நிமிர்கின்ற அசைவுக்குத் தமிழ்நாட்டில் ஒரே பெயர் இருந்ததில்லை. பிள்ளையார் சன்னதியில் அது தோப்புக்கரணம். மல்யுத்தமும் சிலம்பமும் பழகும் கூடமாகிய தாலிம்கானாவில் அது பஸ்கி. சதிராட்டம் என்னும் நடனத்தின் பயிற்சியில் அது முழுமண்டி. வீட்டிலோ வயலிலோ அதற்குத் தனிப்பெயர் வேண்டியிருக்கவே இல்லை. அடுப்பு மூட்டவும், கோலம் போடவும், களை பறிக்கவும் குத்தவைத்து உட்கார்ந்து எழுவது நடப்பதைப் போன்ற இயல்பான காரியமாக இருந்தது. ஒரே அசைவு வழிபாடாகவும் வீரப் பயிற்சியாகவும் கலையாகவும் அன்றாட வேலையாகவும் வழங்கி, பின்னர் பள்ளித் தண்டனையாகத் தாழ்ந்து, இடையில் மூட்டுக்குக் கேடு என்று பழிக்கப்பட்டு, இன்று முழங்கால் நலத்துக்கான பயிற்சியாகத் திரும்பி வந்திருக்கும் வரலாறு, உடலைப் பற்றிய எண்ணம் காலந்தோறும் மாறியதன் வரலாறுமாகும்.

மற்போருக்குத் தமிழில் தொன்மையான சான்று உண்டு. புறநானூற்றின் 80ஆம் பாடல், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் வாயிலாகக் காட்டுகிறது. ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்த, மறு கால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுக்கின்ற நிலையை அப்புலவர் நேரில் கண்டவர்போலச் சொல்லியிருப்பதால், வெற்றியைத் தீர்மானித்தது தோள்வலிமை மட்டுமன்று, காலின் பிடியும்தான் என்பது விளங்குகிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டதும், அப்பெயரே ஒரு கடற்கரைப் பட்டினத்துக்கு நிலைத்ததும், மற்கலைக்கு அரசவையில் இருந்த மதிப்பைக் காட்டுகின்றன. பயிற்சி முறைகளை விரித்துரைக்கும் நூல்கள் தக்காணத்திலும் குஜராத்திலும் தோன்றின. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய மானசோல்லாசம், மல்லர்களை வயதும் உடலமைப்பும் வலிமையும் பார்த்துத் தரம் பிரித்து, பாரம் தூக்குதல், நடத்தல், நீரில் நீந்துதல், தூணைப் பற்றிப் பழகுதல் என அவர்களுக்குரிய பயிற்சிகளைக் கூறுகிறது. குஜராத்தின் மல்லர் மரபைச் சேர்ந்த மல்லபுராணம், பயிற்சியைப் பருவகாலத்துக்கும் உடல்வாகுக்கும் ஏற்பக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும் என்று வற்புறுத்துகிறது. எல்லோருக்கும் ஒரே அளவு என்ற எண்ணம் இம்மரபில் இல்லை என்பதைக் கருத்தில் இருத்திக்கொள்வது பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள உதவும்.

வடஇந்தியாவில் பைட்டக் என வழங்கும் பயிற்சியே தமிழில் பஸ்கி. தண்டாலும் பஸ்கியும் இணைபிரியாத சொற்களாகத் தமிழில் நிலைத்துவிட்டன. தண்டால் தோளுக்கும் மார்புக்கும், பஸ்கி தொடைக்கும் முழங்காலுக்கும் உரியது. ஆசானைக் குறிக்கும் வஸ்தாது, பயிற்சியைக் குறிக்கும் தாலிம் போன்ற சொற்கள் உருது, மராத்தி வழக்குகளின் வழியே தமிழில் கலந்தவை. 1676 முதல் 1855 வரை நீடித்த தஞ்சை மராத்தியர் ஆட்சியும் ஆர்க்காட்டு நவாபுகளின் படைகளும் இக்கலப்புக்கு இடமளித்தன. மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய கோதாவில் பஸ்கி போடுபவர், பாதங்களைத் தோளகலத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்து, முதுகை நிமிர்த்தி இறங்கும்போது குதிகால்கள் மெல்ல மேலெழுகின்றன. உடலின் பாரம் பாதத்தின் முன்பகுதிக்கு மாற, பின்னால் சென்ற கைகள் தரையைத் தடவுவதுபோல் முன்னே வீசப்பட, அந்த வீச்சின் வேகத்திலேயே உடல் எழுந்து நிற்கிறது. மூச்சும் அசைவும் ஒன்றையொன்று தழுவிச் செல்வதால், பழகியவர் பஸ்கி போடும்போது அது நீரில் துடுப்பு வலிப்பதைப் போன்ற சீரான தாளத்தில் நிகழும். எடைக் கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. உடலே எடை, எண்ணிக்கையே அளவுகோல்.

இந்த எண்ணிக்கையின் பெருமையை உலகறியச் செய்தவர் 1878இல் பிறந்த பயில்வான் காமா. பத்து வயதிலேயே, 1888இல் ஜோத்பூரில் நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்கள் கலந்துகொண்ட பைட்டக் போட்டியில் கடைசிவரை நின்ற பதினைவருள் ஒருவராக இருந்தார் என்றும், இளவயது கருதி அவருக்கே பரிசு வழங்கப்பட்டது என்றும் அவரைப் பற்றிய வரலாறுகள் கூறுகின்றன. வளர்ந்தபின் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பைட்டக் எடுத்தவர் என்று புகழ்பெற்ற காமா, 1910 செப்டம்பரில் லண்டனில் போலந்து மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகப் பொருது, முடிவு காணாமல் பிரிந்து, மறு ஆட்டத்துக்கு ஸ்பிஸ்கோ வராமையால் வெற்றியாளரானார். அவருடைய தம்பி இமாம் பக்ஷின் மகன் அக்ரம், 1976 டிசம்பரில் கராச்சியில் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கியுடன் மோதித் தோற்றார் என்பதில் ஒரு வரலாற்று வியப்பு உண்டு. இனோக்கி பயின்ற ஜப்பானியப் பயிற்சிக் கூடங்களில் அதற்குள் பைட்டக் நூற்றுக்கணக்கில் எடுக்கப்படும் அடிப்படைப் பயிற்சியாக வேரூன்றியிருந்தது. அது இன்று மேலைநாடுகளில் இந்து ஸ்குவாட் என்ற பெயரில் அறியப்படுகிறது.

தோப்புக்கரணத்தின் வழி வேறு. தோர்பி என்றால் கைகளால், கர்ணம் என்றால் காது என்று வடமொழியிலிருந்து இச்சொல்லுக்கு விளக்கம் சொல்லப்படுவது உண்டு. திருமாலின் சக்கரத்தை விழுங்கிவிட்ட பிள்ளையாரைச் சிரிக்கவைத்து அதை மீட்பதற்காகத் திருமாலே காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார் என்பது ஒரு கதை. கஜமுகாசுரன் தேவர்களைத் தனக்கு முன்னால் போடவைத்த தோப்புக்கரணத்தை, அவனை வென்ற விநாயகருக்குத் தேவர்கள் பக்தியோடு போட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது கதையில் தண்டனையும் வழிபாடும் ஒரே அசைவுக்குள் அடங்கியிருப்பது கவனிக்கத்தக்கது. வழக்கத்தில், நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டபின், இடக்கை வலது காதின் மடலையும், அதன்மேல் குறுக்காகச் செல்லும் வலக்கை இடது காதின் மடலையும் பற்ற, பக்தர் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படைக் கணக்கில் தாழ்ந்து எழுகிறார். கைகள் குறுக்காகக் கட்டுண்டிருப்பதால் வீசி உந்துவதற்கு வழியில்லை. பஸ்கியில் கைவீச்சு தரும் உதவியும் இங்கே கிடையாது. முழு வேலையும் தொடைத் தசைகளுக்கும் உடலின் நடுப்பகுதிக்கும் சமநிலைக்கும் உரியது. ஊருக்கு ஊர், தெருமுனைக்குத் தெருமுனை பிள்ளையார் அமர்ந்திருந்த நாட்டில், வயதும் பாலும் பாராமல் நாள்தோறும் சிலமுறையேனும் முழங்காலை முழுவதும் மடக்க வைத்த ஏற்பாடு இதுவேயாகும்.

நடனத்தில் இவ்வசைவு இன்னும் நுட்பமானது. மண்டி என்ற சொல்லே மடங்கிய முழங்காலைக் குறிப்பது. மண்டியிடுதல் என்பதில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. அரைமண்டியில் முழங்கால்கள் இருபுறமும் விரிந்து பாதி மடிகின்றன. முழுமண்டியில் உடல் குதிகால்களின்மேல் அமர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையைச் சேர்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வர் ஒழுங்குபடுத்திய பாடத்திட்டத்தின் வழியில், மாணவி தட்டடவில் தொடங்கி மண்டி அடவு வரை படிப்படியாகவே கொண்டுசெல்லப்படுகிறாள். முழங்கால் பாதத்தின் திசையிலேயே திறக்க வேண்டும், உள்நோக்கிச் சரியக் கூடாது என்று நடன ஆசான்களாகிய நட்டுவனார்கள் கண்டித்துத் திருத்துவதை, இன்றைய இயன்முறை மருத்துவர், அதாவது பயிற்சியால் மூட்டையும் தசையையும் சீர்செய்பவர், அப்படியே வேறு சொற்களில் சொல்கிறார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியப் பயிற்சிகள் இருவேறு விதமாக நடத்தப்பட்டன. கர்லாக்கட்டை படைவீரர்கள் மூலம் இங்கிலாந்து சென்று, 1834இல் டொனால்ட் வாக்கரின் உடற்பயிற்சி நூலில் இடம்பெற்று, பின்னர் ஒலிம்பிக் வரை சென்றது. முழங்காலை மடக்கும் பழக்கமோ உடற்கூற்றியலின் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. லாகூர் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஹேவ்லாக் சார்லஸ் 1890களில் வெளியிட்ட ஆய்வில், பஞ்சாபியரின் கணுக்கால் எலும்புகளில், முன்காலெலும்பின் கீழ்விளிம்பும் கணுவெலும்பும் ஒன்றையொன்று தொடும் இடத்தில், ஐரோப்பியரிடம் அரிதாகக் காணப்படும் சிறிய வழவழப்பான முகப்புகளைக் கண்டார்; குத்தவைத்து உட்கார்வதால் எலும்பு தன்னை அதற்கேற்ப வடிவமைத்துக்கொண்ட அடையாளம் அது என்பது அவர் கருத்து. 1959இல் இந்தர்பீர் சிங் இந்தியர்களின் எலும்புகளை விரிவாக ஆராய்ந்து இதே பொருளைத் தொடர்ந்தார். அகழாய்வில் கிடைக்கும் எலும்பைக் கொண்டு, அம்மனிதர் நாற்காலியில் அமர்ந்தவரா தரையில் குந்தியவரா என்று ஊகிக்க இந்த முகப்புகள் இன்றும் பயன்படுகின்றன. ஒரு நாட்டின் உட்காரும் முறை எலும்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பதை விட, பழக்கத்துக்கு உடல் தரும் மதிப்புக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் உடற்பயிற்சி ஒரு கல்வித்துறையாயிற்று. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவது. யூஜின் சாண்டோ 1904–05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபின் அவர் பெயரே தமிழில் பட்டமாயிற்று. கோவையின் தேகப்பயிற்சி சாலைகளில் உருவான சாண்டோ சின்னப்பா தேவர் திரைப்படத் துறையிலும் அப்பெயரை விடவில்லை. ஆனால் நாற்காலியும் மேசையும் பெஞ்சும் பரவப் பரவ, அன்றாடக் குந்துதல் சுருங்கியது. பள்ளியில் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடு என்ற ஆணையே அவ்வசைவின் முதன்மையான பொருளாக மாறி, ஒரு தலைமுறைக்கு அது அவமானத்தோடு பிணைந்துவிட்டது. உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் தடைசெய்தது சரியானதே. ஆனால் தண்டனை நீங்கியபின்பும் அவ்வசைவின்மேல் ஒட்டிய இழிவு உடனே நீங்கிவிடவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து மற்றோர் அடி விழுந்தது. 1961இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன், தாமே அமைத்த கருவியால் பளுதூக்குவோரின் முழங்கால்களை அளந்து, ஆழமாகக் குந்தி எழுவது மூட்டின் இணைப்புநார்களை, அதாவது எலும்போடு எலும்பைக் கட்டும் நாண்களை, தளர்த்திவிடுகிறது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே அங்குள்ள பெரிய விளையாட்டு வார இதழ் ஒன்று அதைப் பரப்ப, முழங்காலைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்பது உடற்கல்வி ஆசிரியர்களின் பொதுவான அறிவுரையாயிற்று. பின்வந்தவர்களால் கிளைனின் முடிவை மீண்டும் பெற முடியவில்லை. 1989இல் வெளியான ஆய்வு, எட்டு வாரம் ஆழமாகக் குந்தி எழும் பயிற்சி செய்தவர்களின் மூட்டு உறுதி குன்றவில்லை என்று காட்டியது. மூட்டின் இயல்பும் இதற்குத் துணைநிற்கிறது. எலும்பு முனைகளை மூடும் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. அழுத்தப்படும்போது கழிவை வெளியேற்றி, அழுத்தம் விலகும்போது மூட்டுநீரிலிருந்து ஊட்டத்தை உறிஞ்சும் பஞ்சைப்போல் அது வாழ்கிறது. முழுவதும் தாழும்போது தொடையும் கெண்டைக்காலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து சுமையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்வதால், ஆழத்தையே குற்றவாளியாக்கியது அவசர முடிவு என்றே தோன்றுகிறது.

ஆயினும் குந்தும் பழக்கம் முழுவதும் குற்றமற்றது என்று முடிவுகட்டுவதும் நேர்மையாகாது. 2004இல் வெளியான பெய்ஜிங் ஆய்வு, அறுபது வயது கடந்தோரிடம் 25 வயதில் நாளுக்கு எவ்வளவு நேரம் குந்தியிருந்தார்கள் என்று கேட்டறிந்து, நெடுநேரம் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் கூடுதலாக இருந்ததைக் கண்டது. இங்கே ஒரு வேறுபாடு தெளிவாகிறது: வேலையின் பொருட்டு மணிக்கணக்கில் அசையாமல் குந்தியிருப்பது வேறு, தாழ்ந்து உடனே எழுவது வேறு. தாலிம்கானாவும் கோயிலும் நடனக்கூடமும் போற்றியது இரண்டாவதை மட்டுமே. மல்லபுராணம் பருவமும் உடல்வாகும் பார்க்கச் சொன்னதும் இதனோடு பொருந்துகிறது.

பிரேசிலின் கிளாடியோ கில் அராவுஜோவும் உடன்பணியாற்றியோரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இவ்வசைவுக்கு வேறொரு மதிப்பைத் தந்தது. 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேர், எதையும் பற்றாமல் தரையில் உட்கார்ந்து எழும்படி கேட்கப்பட்டார்கள். கையோ முழங்காலோ ஊன்றப்படும் ஒவ்வொரு முறையும் பத்து மதிப்பெண்ணில் ஒன்று குறைக்கப்பட்டது. குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே பின்வந்த ஆண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது. உட்கார்ந்து எழுவதே ஆயுளை நீட்டுகிறது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது; தசை வலிமை, மூட்டின் வளைவு, சமநிலை ஆகிய மூன்றும் ஒருவரிடம் எவ்வளவு எஞ்சியிருக்கின்றன என்பதை அந்த ஒரே அசைவு அளந்து காட்டுகிறது. இலை போட்டுத் தரையில் அமர்ந்து உண்டு எழுந்த தலைமுறைகள் இச்சோதனையை நாளுக்கு இருமுறையேனும் எழுதிக்கொண்டிருந்தன.

இப்போது தோப்புக்கரணம் மூளைத்திறனுக்கான யோகம் என்ற பெயரோடு வெளிநாடுகளிலிருந்து திரும்பி வந்திருக்கிறது; காது மடலைப் பற்றுவதால் மூளை கூர்மையாகும் என்று அதற்குக் கூறப்படும் காரணங்களைவிட, தொடைத் தசைக்கும் முழங்காலுக்கும் அது தருவது உறுதியானது. கோயில் வழக்கமோ இக்காரணங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சிறுவர்கள் குதிகாலில் அமர்ந்து துள்ளி எழும் அதே சன்னதியில், மூட்டு இறுகிய முதியவர் ஒருவர் ஒரு கையால் தூணைப் பற்றி, மறு கையால் காதைத் தொட்டு, முழங்காலைச் சாண் அளவு மட்டும் வளைத்து நிமிர்கிறார். அதையும் மூன்று முறை எண்ணிவிட்டே விளக்கை நோக்கிக் கைகூப்புகிறார், அருகில் நிற்பவர் எவரும் அதைக் குறைவாகக் கருதுவதில்லை.