மின்கிற்றாரின் வரலாற்றில் பாவனையாளன்

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மின்கிற்றாரைப் பொறுத்தவரை அவ்வாறு எழுதப்படுவது பாதி வரலாறே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் ஒலித்த அதன் தொனி, தொழிற்சாலை வகுத்த நோக்கத்தை மீறி, பல வேளைகளிற் பணமின்மையின் விளைவாகவே, வாசித்தோரின் கைகளில் உருவானது.

1951 இல் கலிபோர்ணியாவின் புலர்டன் நகரில் லியோ பெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின் பேஸ் கிற்றாரை வெளியிட்டார். ஆளுயர டபிள் பேஸைச் சுமந்து திரிந்தும் அதன் ஒலி அவையின் பின்வரிசையை எட்டாத கலைஞருக்கு அது பெரும் விடுதலையாயிற்று. அதற்கெனவே 1952 இல் 'பேஸ்மன்' என்னும் விரியலாக்கியையும் அவர் ஆக்கினார். (பெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது, கலைஞர் கூறிய குறைகளைக் கேட்டே தம் கருவிகளைத் திருத்தினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.) ஆயின் பேஸ்மனை விரும்பி ஏற்றவர்கள் சாதாரண கிற்றார் கலைஞரே. பத்தங்குல ஒலிபெருக்கிகள் நான்கைக் கொண்ட அதன் பிற்காலப் படிவத்தை எல்லை மீறி இயக்கியபோது, வால்வுகள் சைகையின் முகடுகளைத் தறித்தன. பொறியியலாளன் திரிபு என வெறுத்த அந்தக் கரகரப்பைக் கலைஞன் அழகு எனக் கொண்டான்.

பிரித்தானியாவில் 1951 முதல் 1959 வரை அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தது. தடை நீங்கிய பின்னரும் அவற்றின் விலை சாதாரண இளைஞருக்கு எட்டாததாகவே இருந்தது. மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரின் துணையுடன் 1962 இல் பேஸ்மனின் சுற்றைப் பின்பற்றி ஒரு விரியலாக்கியை அமைத்தார். இதனை வெறும் போலச்செய்தல் என ஒதுக்குவது பொருந்தாது. உள்ளூரிற் கிடைத்த உறுப்புகளும், மூடிய பெட்டியிலமைந்த பன்னிரண்டங்குல ஒலிபெருக்கிகளும் மூலத்திலிருந்து வேறான தொனியைத் தந்தன. பின்னர் 'ரொக்' இசையின் குரலாக மாறியது இந்தத் தொனியே.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வரலாறு உண்டு. பேஸுக்கெனத் தனி விரியலாக்கி வாங்க இயலாதோர் அதனைக் கிற்றாரின் விரியலாக்கியிலேயே இணைத்து வாசித்தனர். கிற்றாரின் அதிதாழ்ந்த நரம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 82 அதிர்வுகளையும், பேஸின் அதிதாழ்ந்த நரம்பு 41 அதிர்வுகளையும் உடையன. மீடிறன் பாதியாகும்போது அதே ஒலிச்செறிவைப் பெற ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைதல் வேண்டும். எனவே உரத்து வாசித்தாற் கூம்பு கிழியக்கூடும். கிற்றார்ப் பெட்டிகள் பலவற்றின் பின்புறம் திறந்திருப்பதால், பின்னிருந்து வரும் அலை முன்னலையை அழித்துத் தாழ்சுரத்தை நலிவுறச் செய்கிறது. அவ்வாறிருந்தும் இசை கெட்டுவிடவில்லை. மேற்றொனிகளைக் கேட்கும் செவி, இல்லாத அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும் இயல்புடையது. எனினும் ஊகம் எப்போதும் போதுவதில்லை. பெண்டரின் விலைக்கு அஞ்சி 1961 இல் ஹம்பேர்க்கில் ஏறத்தாழ 30 பவுணுக்கு ஹொப்னர் பேஸ் வாங்கிய போல் மக்கார்ட்னிக்கு, லிவர்பூல் கலைஞரான ஏட்ரியன் பாபர் பதினைந்தங்குல ஒலிபெருக்கி பொருந்திய பெட்டியொன்றைச் செய்து கொடுத்தார். அதன் பருமனைக் கண்டோர் அதற்குச் 'சவப்பெட்டி' என்றே பெயரிட்டனர்.

கிற்றாரையே கையாற் செய்தோரும் உளர். பிறையன் மே என்ற மாணவர் 1963 இல் தந்தையாருடன் கூடி, பழைய கணப்படுப்பொன்றின் மரச்சட்டத்திலிருந்து கிற்றாரின் கழுத்தைச் செதுக்கத் தொடங்கினார். மோட்டார்ச் சைக்கிள் விற்சுருள்களும் தாயாரின் பின்னலூசியின் நுனியும் அதிற் பயன்பட்டன. குயீன் குழுவில் அவருடன் இணைந்த பேஸ் கலைஞர் ஜோன் டீக்கன், இலத்திரனியற் பட்டதாரி. வீதியோரக் குப்பைக் கலத்திற் கண்டெடுத்த சுற்றுப்பலகையைக் கொண்டு அவர் சிறு விரியலாக்கியொன்றை ஆக்கினார். ஒன்பது வோல்ற்று மின்கலத்தில் இயங்கிய அதனூடாகவே மே தம் கிற்றாரை வயலினாகவும் ஊதுகுழலாகவும் மயங்கும்படி ஒலிப்பதிவு செய்தார்.

அமெரிக்காவில் எடி வான் ஹேலன், ஆலைக் குறையால் விலை தாழ்ந்த கிற்றார் உடலொன்றை 50 டொலருக்கும் கழுத்தொன்றை 80 டொலருக்கும் வாங்கினார். மரத்தை உளியாற் குடைந்து, தம்மிடமிருந்த கிப்சன் கிற்றாரின் 'பிக்கப்'பை, அதாவது நரம்பின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச்சுருளை, அதிற் பொருத்தினார். அது வீறிடாதிருக்க உருகிய மெழுகில் தோய்த்தெடுத்தார். சைக்கிள் வர்ணம் பூசி, ஒலியளவுக் குமிழொன்றை மட்டும் விட்டுவைத்தார். அக்கருவி 1978 இல் வெளிவந்த அவர்தம் குழுவின் முதல் இசைத்தட்டில் ஒலித்தது. 2007 இல் பெண்டர் நிறுவனம் அதன் கீறல்களையும் சிகரெட் சுட்ட வடுக்களையும் பிசகாது பிரதிசெய்து 300 கிற்றார்களை வெளியிட்டது. ஒன்றின் விலை 25,000 டொலர்.