இந்தியாவில் கலப்புச் சண்டை

குத்து, உதை, மல்யுத்தப் பிடி, தரையில் கிடந்தபடி போடும் பூட்டு ஆகிய எல்லாவற்றையும் ஒரே களத்தில் அனுமதிக்கும் போட்டி கலப்புச் சண்டை. எம்.எம்.ஏ. என்ற சுருக்கப் பெயரே நம் ஊர்ப் பயிற்சிக்கூடங்களிலும் வழங்குகிறது. பொதுவாக ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. பட்டப் போட்டி என்றால் ஐந்து. அடிபட்டவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலைக்குப் போனால் களநடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். பூட்டில் சிக்கியவர் கையால் தட்டினால் அதோடு முடிந்தது. இரண்டும் நடக்காவிட்டால் மூன்று தீர்ப்பாளர்களின் மதிப்பெண் முடிவு சொல்லும்.

இந்த ஆட்டத்தின் தாய்வீடு பிரேசில். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மாயெதா 1914இல் அங்கே போய்ச் சேர்ந்து, வடக்கே பெலேம் நகரில் தங்கினார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசி தன் தம்பிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். தம்பி ஹேலியோ மெலிந்த உடம்புக்காரர். பலத்தை நம்பாமல், உடலை நெம்புகோலாக்கிக் கீழே கிடந்தபடியே பெரியவனை அடக்கும் முறையைக் கிரேசி குடும்பம் தலைமுறையாகத் தீட்டியது. அதுவே பிரேசிலிய ஜியு-ஜிட்சு. அது சரிதானா என்று சோதித்துப் பார்த்த களம், ஏறக்குறைய எல்லா அடிக்கும் இடம் கொடுத்த 'வாலே டூடோ' பந்தயங்கள். ஹேலியோவின் மகன் ரோரியன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, வேறு சிலருடன் சேர்ந்து 1993 நவம்பர் 12 அன்று டென்வர் நகரில் முதல் 'அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப்' போட்டியை நடத்தினார். சுமார் 80 கிலோ எடையுள்ள தம்பி ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் ஒரு குத்துச்சண்டைக்காரர், ஒரு மல்யுத்தக்காரர், ஒரு உதைச் சண்டைக்காரர் என மூவரைத் தட்டவைத்துப் பட்டம் வென்றார். யு.எஃப்.சி. என்று இன்று உலகம் சொல்லும் நிறுவனம் அந்த இரவில் பிறந்தது.

இந்தியாவுக்குச் சண்டைக் கலை புதிதல்ல. வடக்கே குஸ்தி, தெற்கே சிலம்பமும் குத்துவரிசையும், கேரளத்தில் களரி. ஆனால் கலப்புச் சண்டைக்குள் நுழைந்த இந்தியர்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாட்டை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். குஸ்தியில் எதிராளியின் முதுகு மண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது. அதனால் மல்லாந்துவிடக் கூடாது, குப்புறப் படுத்துக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது மல்லனின் உடம்பில் ஊறிய பாடம். 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் காமா பயில்வானை எதிர்த்த போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் நடந்த ஆட்டத்தின் பெரும்பகுதியை விரிப்பில் கவிழ்ந்து கிடந்தே கழித்தார். காமாவால் அவரைப் புரட்ட முடியவில்லை, போட்டி சமனில் முடிந்தது. கலப்புச் சண்டையில் அப்படிக் கவிழ்ந்து கிடந்தால் எதிராளி முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுவிடுவார். சில நொடிகளில் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். அதே வேளையில், மல்லாந்து கிடப்பவர் ஜியு-ஜிட்சு அறிந்தவரானால் அவருக்கு அது தோல்வியே அல்ல. கால்களால் எதிராளியைப் பின்னிக்கொண்டு தாக்குதலைத் தொடங்கும் இடம். ஒரு கலையில் உயிரைக் காத்த பழக்கம் இன்னொன்றில் உயிருக்கு உலை வைக்கிறது. இந்திய வீரர்கள் சர்வதேசக் களங்களில் வாங்கிய தோல்விகளில் பல இந்த ஒரு இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

தொழில்முறைப் போட்டிகள் இங்கே பெரிய அளவில் தொடங்கியது 2012இல். ராஜ் குந்த்ராவும் நடிகர் சஞ்சய் தத்தும் சேர்ந்து சூப்பர் ஃபைட் லீக்கைத் தொடங்கி, அந்த ஆண்டு மார்ச்சில் மும்பையில் முதல் நிகழ்ச்சியை நடத்தினார்கள். முதன்மை ஆட்டத்துக்கு பாப் சாப், ஜேம்ஸ் தாம்ப்ஸன் என்ற இரண்டு வெளிநாட்டு மலைகளை இறக்கினார்கள். சினிமா வெளிச்சம் கூட்டத்தைச் சேர்த்தது, ஆனால் ஆட்டத்தின் தரத்தை அதனால் உயர்த்த முடியவில்லை. ஆயினும் அந்த லீக் இல்லாமல் ஒரு தலைமுறை வீரர்களுக்குக் களம் இருந்திருக்காது. 2019இல் டைகர் ஷ்ராஃப் குடும்பத்தார் தொடங்கிய மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் அந்த வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்தது.

தமிழ் ரசிகர்களுக்கு சூப்பர் ஃபைட் லீக் தெரியாமலே அறிமுகமாகியிருக்கிறது. 2016 ஜனவரியில் வெளிவந்த 'இறுதிச்சுற்று' படத்தின் நாயகி ரித்திகா சிங், கிக்பாக்சிங்கில் இந்தியாவுக்காக ஆடி, பிறகு அந்த லீக்கின் கூண்டில் இறங்கிய உண்மையான வீராங்கனை. இயக்குநர் சுதா கொங்கரா அவரைக் கண்டெடுத்ததே அந்த லீக்கின் விளம்பரம் வழியாகத்தான். வடசென்னை மீனவப் பெண்ணாக அவர் விடும் குத்துகளில் ஒரு நிஜம் தெரிவதற்குக் காரணம், அந்தத் தோளும் இடுப்பும் பல ஆண்டு பயின்றவை என்பதே.

கடல் கடந்த தமிழர்களில் குறிப்பிட வேண்டியவர் மலேசியாவின் அகிலன் தானி. கோலாலம்பூர்க்காரர். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனத்தில் ஆடி, 2017 மே 26 அன்று சிங்கப்பூரில் பென் ஆஸ்க்ரெனை எதிர்த்து உலகப் பட்டத்துக்கே போட்டியிட்டார். ஆஸ்க்ரென் அமெரிக்காவுக்காக ஒலிம்பிக்கில் மல்யுத்தம் ஆடியவர். முதல் சுற்றிலேயே அகிலனைத் தரையில் கிடத்தி, கையையும் கழுத்தையும் ஒருசேர இறுக்கும் பிடியில் முடித்தார். அகிலன் அதோடு ஒடுங்கிவிடவில்லை. 2019 ஜூனில் ஷாங்காயில் ஜப்பானின் புகழ்பெற்ற அகியாமாவைத் தீர்ப்பாளர்கள் மூவரும் ஒருமனதாகச் சொல்லும்படி வென்றார். தமிழர் ஒருவர் இந்த விளையாட்டில் பெற்ற வெற்றிகளில் இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

யு.எஃப்.சி. கூண்டில் நின்ற முதல் இந்தியர் பரத் கண்டாரே, மல்யுத்தப் பின்னணியிலிருந்து வந்தவர். 2017 நவம்பர் 25 அன்று ஷாங்காயில் சீனாவின் சோங் யாதோங் என்ற பத்தொன்பது வயது இளைஞரிடம் முதல் சுற்றிலேயே கழுத்துப்பிடியில் தோற்றார். 'கில்லட்டின்' என்று சொல்லப்படும் இந்தப் பிடி மல்யுத்தக்காரர்களுக்கென்றே அமைந்த பொறி போன்றது. காலைப் பற்றத் தலையைத் தாழ்த்திப் பாய்கிறவரின் கழுத்து எதிராளியின் அக்குளுக்குள் தானாகப் போய் அமர்ந்துவிடும். பஞ்சாபி வம்சாவளிக் கனடியரான அர்ஜன் புல்லர் 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் மல்யுத்தத் தங்கம் வென்றவர், 2012 ஒலிம்பிக்கிலும் ஆடியவர். அவருக்கு யு.எஃப்.சி.யில் நேர்ந்த தோல்வி 2018இல், எதிராளி காலாலேயே தோளை முறுக்கும் 'ஓமோபிளாட்டா' என்ற அபூர்வமான பூட்டில். பிறகு அவர் ஒன் சாம்பியன்ஷிப்புக்கு மாறி, 2021 மே மாதம் பிராண்டன் வேராவை வீழ்த்தி அதிக எடைப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றார்.

ஹரியாணாவின் போகாட் சகோதரிகளில் ஒருவரான ரிது, மல்யுத்தத்தை விட்டு 2019இல் கலப்புச் சண்டைக்கு வந்தார். எதிராளியைக் கீழே தள்ளுவதில் ஆசியாவில் அவருக்கு நிகர் குறைவு. 2021 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப்பின் பெண்கள் தொடர் இறுதியில் தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸைச் சந்தித்தார். ஸ்டாம்ப் முவாய் தாய் என்னும் அடிச்சண்டையிலிருந்து வந்தவர். கீழே தள்ளினால் வெற்றி நமதே என்று மல்யுத்த மேடையில் வளர்ந்த யாருக்கும் தோன்றும். ரிது தள்ளவும் செய்தார். ஆனால் கீழே கிடந்த ஸ்டாம்ப் இரண்டாம் சுற்றில் ரிதுவின் கையைப் பிடித்து 'ஆர்ம்பார்' போட்டார்: எதிராளியின் மணிக்கட்டைத் தன் மார்போடு அணைத்து, இரு தொடைகளுக்கிடையே அந்தக் கையை நீட்டி, இடுப்பை மேலே தூக்கும் பூட்டு. முழங்கை மூட்டு எந்தப் பக்கம் மடங்காதோ அந்தப் பக்கம் மடங்கத் தொடங்கும். தட்டாவிட்டால் முறியும். ரிது தட்டினார்.

உத்தராகண்டின் அன்ஷுல் ஜுப்ளி கணித ஆசிரியராக இருந்தவர். 'ரோடு டு யு.எஃப்.சி.' தொடரின் இறுதியில் 2023 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் ஜெகா சராகியை இரண்டாம் சுற்றில் அடித்து நிறுத்தி ஒப்பந்தம் பெற்றார். அடுத்த இரண்டு ஆட்டங்களும் தோல்வி. 2025இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆட்டம் 19 நொடிகளில் முடிந்துபோனது.

இந்த வரலாற்றின் நடுநாயகம் பூஜா தோமர். உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்துப் புதானாவைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பெண்பிள்ளைகளைத் தாய் வளர்த்தார். ஜாக்கி சான் படங்களைப் பார்த்துச் சண்டை மேல் ஆசை கொண்டு, வூஷூ கற்று, ஐந்து முறை தேசியச் சாம்பியன் ஆனார். வூஷூவின் சண்டைப் பிரிவான 'சாண்டா'வில் குத்தலாம், உதைக்கலாம், எதிராளியைத் தூக்கியும் போடலாம். விழுந்ததும் நடுவர் இருவரையும் எழுப்பிவிடுவார். தரையில் தொடர இடமில்லை. அதாவது கலப்புச் சண்டையின் முதல் பாதியைப் பூஜா நன்றாகக் கற்றிருந்தார். மறு பாதியை வளர்ந்த பிறகு, தோற்றுத் தோற்றுக் கற்க வேண்டியிருந்தது.

2017இல் ஒன் சாம்பியன்ஷிப்பில் சிங்கப்பூரின் டிஃப்பனி டியோவிடம் தோற்றார். 2020 ஜனவரியில் பாங்காக்கில் ஸ்டாம்ப் அவரை முதல் சுற்றிலேயே நிறுத்தினார். அடிச்சண்டையே பலம் என்று வந்தவரை அதே அடிச்சண்டையில் இன்னொருத்தி மிஞ்சியது சாதாரணச் சறுக்கல் அல்ல. பலர் அங்கேயே திரும்பிப் போயிருப்பார்கள். பூஜா நாட்டுக்குள் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட்டில் ஆடி, ஸ்ட்ராவெயிட் எனப்படும் 52 கிலோப் பிரிவின் பட்டத்தை வென்றார். 2023 ஜூலையில் ரஷ்யாவின் அனஸ்தாசியா ஃபியோஃபனோவாவை இரண்டாம் சுற்றில் முடித்தார். அந்த அக்டோபரில் யு.எஃப்.சி. ஒப்பந்தம் கைக்கு வந்தது. இந்தியப் பெண் ஒருவருக்கு அது முதல் முறை. பயிற்சிக்காக இந்தோனேசியாவின் பாலித் தீவிலுள்ள சோமா ஃபைட் கிளப்புக்குப் போனார்.

2024 ஜூன் 8, அமெரிக்காவின் லூயிவில் நகரம். எதிரே பிரேசிலின் ரயானி டோஸ் சான்டோஸ். முதல் சுற்றில் பூஜாவின் உதைகள் உடம்பில் சரியாக விழுந்தன. இரண்டாவது பிரேசில்காரருடையது, அவர் விடாமல் நெருக்கினார். மூன்றாம் சுற்றில் பூஜா பாதத்தை நேராக நீட்டி மார்புக்கு விட்ட தள்ளு உதையில் டோஸ் சான்டோஸ் பின்னால் போய் விழுந்தார். வூஷூ களத்தில் ஆயிரம் முறை பழகிய உதை அது. தீர்ப்பு பிளவுபட்டது: ஒருவர் 30-27 என்று பூஜாவுக்கு, ஒருவர் 27-30 என்று எதிராளிக்கு, மூன்றாமவர் 29-28 என்று பூஜாவுக்கு. ஒரே ஆட்டத்தை இரண்டு பேர் இப்படி நேர் எதிராக எழுதினார்கள் என்றால் அது எவ்வளவு நெருக்கமான ஆட்டம் என்பது விளங்கும். ஆனாலும் அந்த வெற்றியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. யு.எஃப்.சி.யில் இந்தியப் பெண் ஒருவர் வென்ற முதல் ஆட்டம் அது, அதுவும் இந்த விளையாட்டைப் பெற்றெடுத்த நாட்டுக்காரருக்கு எதிராக. 

அடுத்த ஆட்டம் 2025 மார்ச் 22, லண்டன். அயர்லாந்தின் ஷானா பேனன் இரண்டாம் சுற்றில் பூஜாவின் கையைப் பிடித்து ஆர்ம்பார் போட்டார். ரிதுவை முடித்த அதே பூட்டு.

இதைத் தனிப்பட்ட வீரரின் குறை என்று எழுதிவிடுவது அநியாயம். ஜியு-ஜிட்சு பலம் என்பது பத்து வயதில் தொடங்கி, தன்னைவிடத் தேர்ந்தவர்கள் நிறைந்த கூடத்தில் தினம் தினம் கழுத்து பிடிபட்டு வளர்வது. பிரேசிலில் அது தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. இங்கே பெரு நகரங்களில் மட்டும், அதுவும் மாதாமாதம் பணம் கட்ட முடிந்தவர்களுக்கே. மற்றச் சண்டைக் கலைகளுக்கோ ஒரு பாதை இருக்கிறது. வூஷூ 1990 முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இருக்கிறது. மணிப்பூரின் ரோஷிபினா தேவி ஹாங்சோ போட்டியில் வெள்ளி வென்றார். தமிழ்நாட்டில் சிலம்பம் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் காட்சி விளையாட்டாகவும் இடம் பெற்றது. போடிநாயக்கனூர்ப் பக்கம் பொட்டிபுரத்தில் கம்பு சுழற்றும் பிள்ளைக்கு ஒரு வழி தெரிகிறது. கலப்புச் சண்டையைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைக்கு இதுவரை இருந்தது தனியார் பணமும் குடும்பத்தின் பொறுமையும்தான்.

2026ஆம் ஆண்டு ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் நடக்கும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான பட்டியலில் கலப்புச் சண்டை முதல் முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது.