கணக்கேடும் ஊர்வாக்கும்: குடும்ப நலத்திட்டங்களை மதிப்பிடுதலில் வீராம்பட்டினம் தரும் சான்று

வீராம்பட்டினத்தை வரலாற்றுலகம் பெரும்பாலும் அதனை அடுத்துள்ள அரிக்கமேட்டால் அறியும். 1945ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் அவ்வூர்க்குப் புகழ் தந்தன. எனினும், அண்மைக்கால மக்கள் வாழ்வை ஆராய்வார்க்கும் அவ்வூர் ஒரு சான்று வைத்துள்ளது. அரசும் அறநிலையங்களும் வகுக்கும் நலத்திட்டங்களின் பயனை அளந்து கூறுதற்குரியார் யாவர் என்னும் வினாவிற்கு அஃது ஒருவகையில் விடை தருகின்றது.

புதுச்சேரியில் பள்ளிச் சிறார்க்கு நண்பகல் உணவு பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930இல், தொடங்கிற்று. தமிழகத்தில் காமராசர் ஆட்சி 1956இல் அதனை விரிவாக்கியது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் எழுந்தது. இத்தகைய திட்டங்களின் கணக்கேடுகள் உண்டோர் தொகையையும் செலவான அரிசியின் அளவையும் செவ்வனே கூறும். உண்ட குழந்தை வளர்ந்ததா என்பதைக் கூறா. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இக்குறையை ஓரளவு நீக்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்து, எடையை வளர்ச்சி அட்டையிற் குறித்தனர். குழந்தையின் நிலையைத் தாய் தன் கண்ணாலேயே காணலாயிற்று. ஆயினும், எதனை அளப்பது என்பதை முடிவு செய்தோர் ஊர்க்குப் புறம்பானவரே.

1998இல் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைச் சிற்றூர்களில் தொடங்கிய தகவல் மையங்கள் வேறு நெறியைக் கைக்கொண்டன. ஊரார்க்கு வேண்டுவது யாது என்பதை முதற்கண் அவர்களிடமே வினவினர். இடத்தை ஊரே அளித்தது, தொண்டர் ஊராரே. மீனவர் ஊராகிய வீராம்பட்டினம் அலையின் உயரத்தை அறிய விழைந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தினின்று பெற்ற அச்செய்தி நாள்தோறும் ஒலிபெருக்கி வழியே கரையெங்கும் கேட்டது. இது குழந்தை நலத்திட்டம் என்னும் பெயர் பெற்றதன்று. ஆயினும், கடல்மேற் சென்றவர் கரை திரும்புதலே நெய்தல் நிலத்துக் குடும்பத்தின் முதல் நலம் என்பதை அவ்வூர் தன் விருப்பத்தால் உணர்த்திற்று. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது வீராம்பட்டினத்திலும் நல்லவாட்டிலும் இவ்வொலிபெருக்கிகளே கரையிலிருந்தோரை எச்சரித்து உயிர் காத்தன. ஊரார் வேண்டியதன் பயனை அந்நாள் காட்டிற்று.

இதனால் ஊர்வாக்கு யாவும் பிழையற்றது என நாம் துணிதல் பொருந்தாது. சோழமண்டலக் கரையின் மீனவர் பஞ்சாயத்துகள் நெடுங்காலமாக ஆடவர் அவைகளாகவே இருந்துள்ளன. மீன் விற்று இல்லம் புரக்கும் மகளிர்க்கும், குழந்தைகட்கும் அங்கு இருக்கை இல்லை. ஆதலின், ஊர் கூறிற்று என்னுமிடத்து ஊரில் எவர் கூறினர் என வினவுதல் ஆய்வாளர் கடனாம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நலத்திட்டங்கட்குச் சமூகத் தணிக்கையை வற்புறுத்துகின்றது. அத்தணிக்கை மெய்யாதல் இவ்வினாவையே பொறுத்தது.

மையத் தொண்டர் எழுதிய பதிவேடுகள், தாயர் கைப்பட்ட வளர்ச்சி அட்டைகள், முதியோர் வாய்மொழி ஆகியவை அழியுமுன் தொகுக்கத் தக்கன. அலுவலகக் கணக்கேட்டோடு இவற்றை ஒப்புநோக்கினாலன்றித் திட்டங்களின் வரலாறு முழுமை பெறாது. அரிக்கமேட்டுப் பானையோட்டைப் பேணும் புலமையுலகம் வீராம்பட்டினத்துப் பதிவேட்டையும் பேணுதல் வேண்டும்.